யாருக்காக இந்த வேலி?

அத்தியாயம் பதினேழு

சமையலறையில் அம்மா சொன்ன ஒரு விஷயத்தோடு பெரியவளைப் போன வாரம் நிற்க வைத்துவிட்டு வந்தோம். பாவம், பொழுது விடிந்தும் அவள் மனசு அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. உடம்பு மட்டும் குளித்து, தலை வாரி, நகராட்சிக் கூட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது.

அம்மா சொன்னது இதுதான். "வேலி விஷயத்தை வக்கீல்கிட்ட சொல்லிட்டேன். சின்னவனோட முன்விடுதலை மனுவுல அதையும் சேத்துக்கிட்டார். அப்பா காதுக்குப் போக வேணாம்."

அந்த வேலியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

பெரியவளின் தம்பி சின்னவன், அப்பாவின் பட்டறை வேனை ஓட்டிக்கொண்டு போனபோது ஒரு கண் ரோட்டிலும் ஒரு கண் செல்போனிலும் இருந்தது. பூங்காவின் ரோட்டுப் பக்க வாசலுக்குக் கதவு கிடையாது. மதிலுக்கு நடுவே ஒரு திறப்பு, அவ்வளவுதான். அதன் வழியாகப் பந்தைத் துரத்திக்கொண்டு வந்தான் ஒரு பையன். உருண்டையாக இருப்பான் என்பதால் தெருவே 'பட்டாணி' என்று கூப்பிட்ட பையன். கண்ணாடிக் கடை அம்மாவுக்கு அவன் ஒரே பிள்ளை.

சின்னவன் சிறைக்குப் போனான். தீர்ப்பு வந்த அன்றோடு அப்பா அவனிடம் பேச்சை நிறுத்திவிட்டார். பார்க்கவும் போகவில்லை. வேனை விற்றார். வெல்டிங் பட்டறைக்கு வந்த வேலைகளையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு, அந்தத் திறப்புக்கு ஒரு வேலியும் இரட்டைக் கதவும் செய்ய உட்கார்ந்தார். ஓடி வருகிற குழந்தை முதல் கதவில் நின்றாக வேண்டும். பக்கவாட்டில் திரும்பி இன்னொரு கதவைத் தள்ளினால்தான் ரோடு.

செய்து முடித்தால் போதுமா? பொதுப் பூங்காவுக்கு ஒன்றைச் சும்மா கொடுப்பது, விலைக்கு விற்பதைவிடக் கஷ்டம் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. நகராட்சியில் இதற்கென்றே ஒரு நன்கொடைக் குழு இருந்தது. பூங்கா இன்ஜினியர் பட்டறைக்கே வந்தார். ஒரு பிளாஸ்டிக் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு, கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே விட்டுப் பார்த்தார். பந்து உள்ளே போய்விட்டது.

"இது போனா குழந்தையோட தலையும் போகும். மாட்டிக்கும், ஐயா."

அப்பா ஒரு வார்த்தைகூட மறுத்துப் பேசவில்லை. அத்தனை கம்பியையும் அறுத்துவிட்டு மறுபடியும் அடித்தார். பிறகு பெயின்ட்டில் ஈயம் கலந்திருக்கிறதா என்று கேட்டார்கள். கடைக்கால் தோண்டினால் பக்கத்து மரத்தின் வேர் அறுபடுமா, சக்கர நாற்காலி திரும்ப இடம் இருக்கிறதா, துருப்பிடித்தால் யார் பார்ப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். ஒவ்வொன்றையும் அப்பா சரி செய்தார். அதே நகராட்சியில் தண்ணீர்க் கட்டணக் கவுண்டரில் வேலை பார்க்கும் பெரியவளைச் சக ஊழியர்கள் கேலி செய்வார்கள். "உங்கப்பா பொண்ணு கேட்டு வர்ற மாதிரி வந்துட்டுப் போறாரே! நாங்க என்ன கேட்டாலும் சரிங்கறார்."

இன்று கடைசிக் கட்டம். பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்.

* * *

அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு கூடத்துக்கு வந்தார். கன்னத்தில் ஷேவிங் வெட்டு. அதன்மேல் பேப்பர் துண்டு.

"கிளம்பலாமா? லேட்டாப் போனா அந்த இன்ஜினியர் பந்தைத் தூக்கி என் மேலயே போட்டுடுவார்."

பெரியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா ஜோக் அடித்து எவ்வளவு காலமாயிற்று!

"நீ வரலையா?" என்று அம்மாவைக் கேட்டார்.

"தலைய வலிக்குதுங்க. நீங்க போயிட்டு வாங்க." அம்மா பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே சொன்னாள், திரும்பிப் பார்க்காமல்.

வேன் போனதிலிருந்து அப்பா எங்கேயும் நடைதான். தெருமுனை திரும்பியதும் பெரியவள் ஆரம்பித்தாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும்..."

"நானும் ஒண்ணு சொல்லணும்." அவர் முந்திக்கொண்டார். "நேத்து நல்லாத் தூங்கினேம்மா. படுத்ததுதான் தெரியும். கனவுல கூட அந்தப் பிள்ளை வரலை. வேலியைக் கொண்டுபோய் அங்க நிறுத்திட்டேன்னா... ஒண்ணும் சரியாப் போயிடாது, தெரியும். ஆனா இன்னொரு வீட்டுல இப்படி ஆகாதில்ல?"

"ஆகாதுப்பா."

"நீ என்னவோ சொல்ல வந்தியே?"

அவர் முகத்தைப் பார்த்தாள். பேப்பர் துண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. கையை நீட்டி அதை எடுத்துப் போட்டாள்.

"இதைத்தான் சொல்ல வந்தேன்."

* * *

கூட்ட அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள். மேடை மாதிரி ஒரு மேஜைக்குப் பின்னால் குழுத் தலைவியும் உறுப்பினர்களும். தலைவி கண்டிப்பானவர், ஆனால் யாரையும் எடுத்தெறிந்து பேசாதவர். பூங்காவுக்கு யாரோ தருவதாகச் சொன்ன ஒரு சிலை முதலில் வந்தது. "சிலை யாரோடது?" "எங்க மாமனாரோடது." "பூங்காவுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?" "தினம் வாக்கிங் வருவாருங்க." அறை சிரித்தது. சிலையைத் திருப்பி அனுப்பினார்கள். அப்பாவும் சிரித்தார்.

அடுத்தது வேலி.

இன்ஜினியர் எழுந்து, எல்லாச் சோதனையிலும் வேலி தேறிவிட்டது என்றார். ஓர் உறுப்பினர், பச்சைக்குப் பதில் மஞ்சள் அடித்தால் தூரத்திலேயே தெரியுமே என்றார். அப்பா சரி என்றார். பெயர்ப் பலகை உண்டா என்று கேட்டார்கள்.

"வேணாங்க. யார் பேரும் வேணாம்."

"இதையும் கேக்கணும், எல்லார்கிட்டயும் கேக்கறதுதான்," என்றார் தலைவி. "இந்த நன்கொடையால உங்களுக்கோ உங்க குடும்பத்துக்கோ ஏதாவது ஆதாயம் இருக்கா? டெண்டர், வழக்கு, அப்படி ஏதாவது?"

"ஒரு ஆதாயமும் இல்லைங்க." அப்பா நிமிர்ந்து சொன்னார்.

பெரியவள் நாற்காலியின் நுனிக்கு வந்தாள். எழுந்து நின்று சொல்லிவிடலாமா? அப்பாவைச் சபையில் பொய்யராக்கவா? அவள் யோசித்து முடிக்கவில்லை, தலைவி பொதுமக்கள் பக்கம் திரும்பிவிட்டார்.

"யாராவது பேசறீங்களா?"

கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். நடையைப் பார்த்ததுமே அப்பா எழுந்து நின்றுவிட்டார். கண்ணாடிக் கடை அம்மா.

மைக் அவள் உயரத்துக்கு இல்லை. இன்ஜினியர் ஓடிவந்து இறக்கி வைத்தார்.

"எனக்கு மீட்டிங்ல பேசிப் பழக்கமில்லை," என்றாள். பிறகு, "பொய். ஒரு தடவை பேசியிருக்கேன். இதே மைக். பட்டாணி என் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். அந்த வாசலுக்குக் கதவு போடுங்கன்னு கேட்டேன். நிதி இல்லைன்னு சொன்னீங்க. ஞாபகம் இருக்காம்மா?"

தலைவி கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "இருக்கு."

"சரி. நான் வந்தது அதுக்கில்லை." அவள் அப்பா பக்கம் திரும்பினாள். "ஆதாயம் இல்லைன்னு சொன்னீங்க. நேத்து நான் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். உங்க பையன் மனுவுக்கு என் ஆட்சேபத்தைக் கேக்கக் கூப்பிட்டிருந்தாங்க. உங்க வக்கீல் எழுந்து நின்னு சொல்றார்: இறந்த குழந்தையோட நினைவுக்காக இந்தக் குடும்பம் பூங்காவுக்கு வேலி போட்டுத் தருது, அவங்க மனசு அவ்வளவு வருந்துது, அதனால பையனைச் சீக்கிரம் வெளிய விடுங்கன்னு. அப்ப அது ஆதாயம் இல்லையாங்க?"

அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. "எந்த வக்கீல்?" என்றார்.

"உங்க வக்கீல்தான். பக்கத்துல உங்க வீட்டம்மா உக்காந்திருந்தாங்க."

அவர் மெல்லத் திரும்பிப் பெரியவளைப் பார்த்தார். அவள் முகத்தில் பதில் இருந்தது. அந்தப் பார்வையை அவள் வாழ்நாளில் மறக்கப் போவதில்லை. அதில் கோபம் இல்லை. 'நீயுமா' என்று கூட அது கேட்கவில்லை. ரொம்ப நேரம் சுமந்து வந்த ஒன்றை எங்கே இறக்குவது என்று தெரியாதவரின் பார்வை அது.

"அம்மா," என்றார் அப்பா, கைகூப்பி. "எனக்கு இது தெரியாதும்மா. நம்பணும்."

"நம்பறேன்." அவள் உடனே சொன்னாள். "நீங்க நல்லவர்தான். அதனாலதான் இன்னும் கஷ்டமா இருக்கு. மோசமானவரா இருந்தா சுலபமாத் திட்டிட்டுப் போயிருப்பேன்."

மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"தினம் சாயங்காலம் நான் அந்தப் பூங்காவுக்குப் போறேன். அவன் விளையாடின மண்ணு அங்கதான் இருக்கு. அங்க போனா அவனைத் தெரிஞ்ச பிள்ளைங்க ரெண்டு வார்த்தை பேசும். உங்க வேலி அங்க வந்தா, வர்றவங்க எல்லாரும் என்ன சொல்லுவாங்க? பிள்ளையை இடிச்ச வீட்டுக்காரங்கதான் இதைப் போட்டுக் குடுத்தாங்களாம், எவ்வளவு நல்ல மனசும்பாங்க. என் பிள்ளையைப் பத்தின பேச்சு நின்னுடும். உங்களைப் பத்தின பேச்சு ஆரம்பிச்சுடும்." மூச்சு வாங்கினாள். "கதவு வேணாம்னு என்னால சொல்ல முடியாது. அங்க இன்னும் பிள்ளைங்க ஓடுது. ஆனா உங்க கையால வேணாம். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

தலைவி அப்பா பக்கம் திரும்பினார். "ஐயா, தெரியாம சொன்னதா எடுத்துக்கலாம். மனுவுல இருந்து அந்த விஷயத்தை எடுத்துட்டீங்கன்னா அடுத்த கூட்டத்துல மறுபடி..."

"வேணாங்க," என்றார் அப்பா. "வாபஸ் வாங்கிக்கிறேன்."

அவ்வளவுதான். எத்தனையோ இரவு பகலாகச் செய்தது, ஒரு வார்த்தையில் முடிந்துபோயிற்று. நன்கொடை திரும்பப் பெறப்பட்டது என்று குறித்துக்கொண்டார்கள். வேலியை நகராட்சியே தன் செலவில் போட வேண்டும் என்று தலைவி தீர்மானம் கொண்டுவந்தார். எல்லோரும் கை தூக்கினார்கள். "அதுவரைக்கும் சும்மா விட வேணாம்," என்று இன்ஜினியரிடம் சொன்னார். "நாளைக்குக் காலையிலயே அங்க ஒரு தடுப்பு வெச்சுடுங்க. ஸ்டோர்ல இருக்கில்ல?"

"இருக்குங்க. வெச்சுடலாம்."

தன் இடத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த கண்ணாடிக் கடை அம்மா நின்றாள்.

"நாளைக்கேவா?" என்றாள். "ஸ்டோர்லயே இருக்கா?"

இன்ஜினியர் பக்கம் திரும்பினாள்.

"அப்பவும் இருந்துச்சா?"

இன்ஜினியர் தலை குனிந்துகொண்டார். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சத்தம் போட்டு அழவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினாள். பெரியவள்தான் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தொடலாமா கூடாதா என்று தெரியாமல் கையை நீட்டினாள், இழுத்துக்கொண்டாள். கடைசியில் தலைவியே மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து, அந்தத் தாயின் தோளைப் பிடித்துத் தூக்கினார்.

அப்பா அங்கே இல்லை. வெளியே படியில் நின்று, போகிற வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

* * *

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் அப்பா வாயைத் திறந்தார்.

"நீயாவது சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லத்தாம்பா வந்தேன். நீங்க சிரிச்சுக்கிட்டு வந்தீங்க."

அவர் தலையாட்டினார். அது புரிந்ததற்கான தலையாட்டலா, போதும் என்பதற்கான தலையாட்டலா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அம்மா கூடத்தில் காத்து நின்றாள். முகங்களைப் பார்த்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது. "யார் சொன்னா?" என்று மட்டும் கேட்டாள்.

"பட்டாணியோட அம்மா," என்றாள் பெரியவள். "எல்லார் முன்னாலயும். அப்பா வாபஸ் வாங்கிட்டார்."

"வாபஸா!" அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "திங்கக்கிழமை மறுபடி விசாரணைங்க! அந்த ஒரு விஷயத்தை வெச்சுத்தான் வக்கீல் பேசறார். இப்பப் போய் வாபஸ்னா..."

"என்னைக் கேட்டியா?" அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "நான் அதை யாருக்காகச் செஞ்சேன்னு உனக்குத் தெரியாதா? அதைக் கொண்டுபோய்க் கோர்ட்ல வித்துட்டியே."

"ஆமா, வித்தேன்." அம்மா நிமிர்ந்தாள். "எனக்கு வெக்கமில்லைங்க. செத்த பிள்ளைக்காக நீங்க பட்டறையில உக்காந்து அழுதீங்க. நானும் அழுதேன், நீங்க பாக்காதப்ப. ஆனா எனக்கு உள்ள ஒருத்தன் இருக்கான். மாசாமாசம் பார்த்துட்டு வர்றவ நான். போன தடவை அவன் முன்பல்லு உடைஞ்சிருந்துச்சு. ஏண்டான்னா, வழுக்கி விழுந்தேங்கறான். அதை உங்ககிட்ட வந்து சொல்ல முடிஞ்சுதா என்னால? அவன் பேச்சை எடுத்தாலே எழுந்து போயிடறீங்க."

அப்பா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். பல் உடைந்த விஷயம் பெரியவளுக்கும் புதிது.

"அவன் செஞ்சது தப்புதான்," என்றாள் அம்மா. "ஆனா நான் பெத்துட்டேனே. என்ன பண்ணச் சொல்றீங்க?"

யாரும் சாப்பிடவில்லை. பெரியவள் காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். அது ஆறி ஏடு படிந்தது. வெயில் ஜன்னலைவிட்டு இறங்கிப் போனது.

அப்போதுதான் போன் அடித்தது. சிறையிலிருந்து.

வழக்கமாக இந்த அழைப்பு வந்தால் அப்பா வெளியே போய்விடுவார். இன்று எழுந்திருக்கத் தெம்பில்லையோ என்னவோ, உட்கார்ந்தே இருந்தார். அம்மா எடுத்தாள்.

"அம்மா, நீ நல்லாருக்கியா? இன்னிக்குத்தானே மீட்டிங்? அப்பா பக்கத்துல இருக்காரா?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "இருக்கார்."

"பேச வேணாம்னு சொல்லு. சும்மா கேட்டாப் போதும். ஸ்பீக்கர்ல போடு."

அம்மா போனைப் பெரியவள் பக்கம் நீட்டினாள். பெரியவள்தான் பொத்தானை அழுத்தினாள். வீட்டுக் கூடத்துக்குள் சின்னவனின் குரல் வந்தது. இளைத்துப்போன குரல்.

"அப்பா. வேலி பத்தி அம்மா சொன்னாங்க. எனக்காகத்தான் செய்யறீங்கன்னு. நீங்க என்னைக் கைகழுவிட்டீங்கன்னு நெனச்சுட்டிருந்தேம்பா. அது சரிதான்னும் நெனச்சேன். நீங்க அங்க உக்காந்து எனக்காகக் கம்பி அடிக்கறீங்கன்னு கேட்டதும்... இங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். எங்கப்பா எனக்காக ஒரு கதவு செய்யறார்னு."

அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். அப்பாவின் பக்கம் பார்க்கவே அவளுக்குத் துணிவில்லை. ஒரு வார்த்தை போதும். 'உனக்காக இல்லைடா' என்று ஒரு வார்த்தை.

அப்பா கையை நீட்டினார். போனை வாங்கிக்கொண்டார். வெகு நேரம் அதைப் பிடித்தபடியே இருந்தார். அந்தப் பக்கம் சின்னவன், "அப்பா? லைன்ல இருக்கீங்களா?" என்றான்.

"சாப்பிட்டியா?" என்றார் அப்பா.

பதிலுக்கு ஒரு விசும்பல்தான் வந்தது. வளர்ந்த ஆண்பிள்ளை, சுற்றி ஆட்கள் நிற்கும் இடத்தில், அடக்கப் பார்த்து முடியாமல் போகிற விசும்பல்.

"பல்லு வலிக்குதா?"

"இல்லைப்பா. சரியாயிடுச்சு." மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "திங்கக்கிழமை வர்றீங்களாப்பா? வேலியைப் பத்தி ஜட்ஜ் உங்களையே கேப்பாராம். வக்கீல் சொன்னார்."

அம்மா கைகளைக் கூப்பினாள். கும்பிடுகிறாளா கெஞ்சுகிறாளா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பெரியவளுக்கு, தரையில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடிய அந்தத் தாய் கண்ணுக்குள் வந்தாள். கண்ணை மூடிக்கொண்டாலும் போகவில்லை.

"வரேன்டா," என்றார் அப்பா.

போனை வைத்தார். அங்கே போய் என்ன சொல்லப் போகிறார் என்று அவர் சொல்லவில்லை. கேட்கவும் அந்த இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை.